கோதுமையை நிறுத்துவதற்கு முன்னால்

நெய்யாற்றின்கரையிலிருந்து களியக்காவிளைக்கு நெடுஞ்சாலை வழியாகச் சாயங்காலம் வந்தால் அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை என்று ஒவ்வொரு முக்கிலும் ஒரு பரோட்டாக் கல் சூடாகிக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் வீடுகளில் சப்பாத்தி. சர்க்கரை உள்ளவர் வீடென்றால் கட்டாயம் சப்பாத்தி. இரண்டு தலைமுறைக்கு முன்னால் இந்த வட்டாரத்தில் ராத்திரிச் சாப்பாடு கஞ்சியும் பயறும், இல்லாவிட்டால் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும். 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தாலுகா இன்று தமிழ்நாடாக இருக்கும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அடுப்படியில் அந்த எல்லைக்கோடு விழவில்லை. இந்தப் பக்கம் என்ன மாறியதோ அதுதான் அந்தப் பக்கமும் மாறியது.

கோதுமை பெருகப் பெருக, அதன்மேல் சந்தேகமும் பெருகியிருக்கிறது. இந்தப் பகுதி மருந்துக்கடை வாசலில் இப்படியொரு பேச்சு காதில் விழுவது புதிதல்ல:

“அண்ணா, சப்பாத்தி தின்னா வயிறு பொருமிட்டு நிக்குது. ஒரு மாசமா கோதுமையே தொடல்ல. கைகாலெல்லாம் தளர்ச்சி. நல்ல ஒரு வைட்டமின் தாருங்க.”

“இது தினம் ஒண்ணு வச்சு கழிச்சா மதி, அக்கா.”

அந்த அக்கா இரண்டு காரியம் செய்திருக்கிறார். உணவை மாற்றிவிட்டார், சத்து மாத்திரை தொடங்கிவிட்டார். இது கோதுமையிலுள்ள குளூட்டனால் குடல் கெடும் சீலியாக் நோய் என்று ஒருநாள் உறுதியானால் மருத்துவர் சொல்லப்போவதும் ஏறக்குறைய இதே இரண்டுதான். ஆனால் வரிசை தலைகீழாகிவிட்டது. சீலியாக் நோயைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் உடம்பில்தான் சரியாகப் பேசும். கோதுமையை நிறுத்தினால் ரத்தத்தில் தேட வேண்டிய எதிர்ப்பொருள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து போகிறது. வைட்டமினும் இரும்புச்சத்தும் உள்ளே போனால் ரத்தசோகை என்ற இன்னொரு தடயமும் மங்கிவிடும். பிறகு எந்த மருத்துவமனைக்குப் போனாலும், ‘ஒன்றும் இல்லை’ என்ற சீட்டோடு திரும்ப வேண்டியதுதான்.

ஏன் இப்படி என்று புரிய, குளூட்டனைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். ஒரு பிடி கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, குழாய்த் தண்ணீரில் பிடித்துக் கழுவிக்கொண்டே இருங்கள். மாவுச்சத்தெல்லாம் பால்போல ஓடிவிடும். கடைசியில் கையில் மிஞ்சுவது இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும் சாம்பல் நிறப் பிசின். அதுதான் குளூட்டன் என்னும் புரதம். பரோட்டா மாஸ்டர் மாவை வீசி விசிறும்போது அது கிழியாமல் துணிபோல விரிவது இதனால்தான். பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் இதன் நெருங்கிய உறவுப் புரதங்கள் உண்டு. அரிசியில் இல்லை. மரச்சீனியில் இல்லை.

மற்றப் புரதங்களை நம் குடல் நொதிகள் சின்னச் சின்ன அலகுகளாக வெட்டிவிடும். குளூட்டனில் புரோலின், குளூட்டமின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் மிக நெருக்கமாக இருப்பதால் நொதிகளின் கத்தி அங்கே வழுக்குகிறது. 33 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு துண்டு முழுசாகவே தப்பிவிடுவதை 2002இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒரு தொல்லையும் இல்லை. சிலருக்கு மட்டும், குடல் சுவரில் இருக்கும் டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி அந்தத் துண்டுகளின் வேதியமைப்பைச் சற்று மாற்றிவிட, நோய் எதிர்ப்பு மண்டலம் அதைப் பகைவன் என்று எடுத்துக்கொள்கிறது. அதோடு நிற்காமல் அந்த நொதிக்கு எதிராகவும் எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. உடம்பு தன்னையே தாக்கும் கட்டம் இது. எதிர்ப்பொருளின் குறி இந்த நொதிதான் என்பது 1997இல் தெரிந்தது. இன்று ஆய்வகத்தில் செய்யும் டி.டி.ஜி. – ஐ.ஜி.ஏ. பரிசோதனை அந்தக் கண்டுபிடிப்பின் பிள்ளை.

அடி விழுவது சிறுகுடலின் உட்பரப்பில். நல்ல குடல், மேலெல்லாம் நூல் நீட்டிக்கொண்டிருக்கும் டர்க்கி டவல் மாதிரி. அந்த நூல்கள்தான் குடலுறிஞ்சிகள். சீலியாக் நோயில் அவை தேய்ந்து, குடல் நாலு வருஷம் உழைத்த துவர்த்துபோல வழவழப்பாகிவிடும். முதலில் பாதிக்கப்படுவது முன்சிறுகுடல். இரும்பும் கால்சியமும் முக்கியமாக உறிஞ்சப்படும் இடம் அது. கொஞ்சம் கீழே ஃபோலிக் அமிலம். அதனால்தான் சீலியாக் நோயாளிகள் பலருக்கு வயிற்றுப்போக்கே இருப்பதில்லை. எத்தனை இரும்பு மாத்திரை விழுங்கினாலும் ஏறாத ரத்தசோகை, நடு வயதிலேயே எலும்பு நோவு, ஆறாத வாய்ப்புண், வகுப்புத் தோழர்களைவிட ஒரு சாண் குள்ளமாக நிற்கும் பிள்ளை, முழங்கையிலும் முழங்காலிலும் அரிப்போடு எழும் கொப்புளம். இவைதான் அடையாளம். ‘வயிற்றுக் கோளாறு’ என்று பெயர் வாங்கிய நோய், வயிறு நன்றாக இருப்பவரிடமும் ஒளிந்திருக்கும்.

கோதுமைதான் காரணம் என்று உறுதி செய்தவர் வில்லம் காரெல் டிக்கெ என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். 1888இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ இந்த நோயைத் தெளிவாக விவரித்து, குணமாக்க முடியுமென்றால் அது உணவால்தான் என்றும் எழுதியிருந்தார். எந்த உணவு என்பதுதான் பிடிபடவில்லை. 1924இல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்பவர் வாழைப்பழப் பத்தியம் கொடுத்தார், பிள்ளைகள் தேறினார்கள். பழத்துக்கு ஏதோ மாயம் என்று நினைத்தார்கள். பழம் தின்ற பிள்ளை ரொட்டி தின்னவில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை. டிக்கெ இரண்டாம் உலகப் போருக்கு முன்பே கோதுமையைச் சந்தேகித்து, 1941இல் அதைப் பற்றி எழுதினார். 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம். ரொட்டி கிடைக்காமல் மக்கள் துலிப் கிழங்கைத் தின்ற காலம். அவருடைய சந்தேகம் அப்போது இன்னும் வலுத்தது. போருக்குப் பிறகு, குழந்தைகளுக்கு ஒவ்வொரு மாவாகக் கொடுத்து, மலத்தில் எவ்வளவு கொழுப்பு வெளியேறுகிறது என்று தோழர்களோடு சேர்ந்து அளந்து, 1950இல் ஆய்வேடாக்கினார். அவர் ஒரு உணவை நிறுத்தினார், மறுபடியும் கொடுத்தார், ஒவ்வொரு தடவையும் அளந்தார். வீட்டில் நாம் செய்வது முதல் பாதி மட்டும்.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். உலகத்தில் நூற்றுக்கு ஒருவருக்கு சீலியாக் உண்டு என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்தியாவுக்கு அந்தக் கணக்கு ஒரே சீராகப் பொருந்தாது. வேலூர் சி.எம்.சி.யில் இருந்த பி.எஸ். ராமகிருஷ்ணா, டெல்லி எய்ம்ஸின் கோவிந்த் மகாரியா முதலானோர் மூன்று வட்டாரங்களில் 23,331 பேரைச் சோதித்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வடக்கே டெல்லியை ஒட்டிய ஹரியானா, வடகிழக்கே அசாம், தெற்கே வேலூர். வடக்கில் ஆயிரத்துக்கு 8.53 பேருக்கு நோய். வடகிழக்கில் 4.66. தெற்கில் 0.11, அதாவது ஏறக்குறைய 9,000 பேரில் ஒருவர்.

மரபணுதான் வேறு போலிருக்கிறது என்று தோன்றும். இல்லை. இந்த நோய்க்கு வேண்டிய டி.கியூ.2 அல்லது டி.கியூ.8 மரபணு வகை வடக்கில் 38.1 சதவீதம் பேரிடம் இருந்தது, தெற்கிலும் 36.4 சதவீதம் பேரிடம் இருந்தது. வித்தியாசம் தட்டில் இருந்தது. ஒருவர் ஒரு நாளில் சாப்பிட்ட கோதுமை வடக்கில் சராசரி 455 கிராம், தெற்கில் 25 கிராம்.

இதைப் படித்ததும் ‘கோதுமை ஏறினால் சீலியாக் ஏறும், பரோட்டாக் கடைகளைப் பாருங்கள்’ என்று எழுதிவிட கை துடிக்கும். அசாமின் எண்ணைப் பார்த்தால் கை நின்றுவிடும். அங்கே ஒரு நாள் கோதுமை 37 கிராம்தான், கிட்டத்தட்ட நம் அளவு. நோயோ நம்மைவிட நாற்பது மடங்கு. ஆக, கோதுமையின் அளவு மட்டும் கதையை முழுதாகச் சொல்லவில்லை. மரபணுவின் உள்வகைகள், குடலில் வாழும் நுண்ணுயிர்கள், சிறுவயதுத் தொற்றுகள் என்று வேறு காரணிகளும் சேர்ந்தால்தான் நோய் மூளுகிறது என்பதுதான் ஆய்வாளர்களின் பொதுவான நிலை.

வேலூர் பாறசாலை ஆகிவிடாது. ஆனாலும் அரிசியையே முதன்மையாக உண்ணும் தென்னிந்தியக் கிராமங்களுக்கு இருக்கும் நல்ல அளவுகோல் அதுதான். அதை வைத்துச் சொன்னால், செங்கல், காரோடு, குன்னத்துக்கால் போன்ற ஊர்களில் வயிறு பொருமும் ஒருவருக்கு அது சீலியாக்காக இருக்கும் வாய்ப்பு குறைவு. பூச்சியம் அல்ல, குறைவு. அதே ஊரில் கட்டட வேலைக்கு வந்திருக்கும் உத்தரப் பிரதேச இளைஞருக்கு ஆறாத ரத்தசோகை என்றால் வாய்ப்பு அதைவிடப் பல மடங்கு. மருத்துவர் எதிரே உட்கார்ந்திருப்பவர் எந்த ஊர்க்காரர், எதைத் தின்று வளர்ந்தவர் என்று கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

அப்படியென்றால் நம்மவர்களுக்கு வயிறு ஏன் பொருமுகிறது? இந்தக் கேள்விக்கு இந்தத் தென்கோடியில் கிடைக்கும் பதில்கள் மேல்நாட்டுப் புத்தகங்களில் சீலியாக் அத்தியாயத்தில் இருக்காது.

முதலில் சர்க்கரை நோயாளியின் சப்பாத்தி. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். – இண்டியாப் ஆய்வின்படி கேரளத்தில் பெரியவர்களில் 25.5 சதவீதம் பேருக்கு நீரிழிவு. நீரிழிவு என்று தெரிந்த அன்று இரண்டு மாற்றம் ஒன்றாக வருகிறது: ராத்திரி சோறு போய்ச் சப்பாத்தி, கூடவே மெட்ஃபார்மின் மாத்திரை. மெட்ஃபார்மின் தொடக்கத்தில் பலருக்கு வயிற்றுப் பொருமலும் கழிச்சலும் தரும். நீண்ட நாள் எடுத்தால் பி12 வைட்டமினைக் குறைக்கும். பி12 குறைந்தால் தளர்ச்சி, காலில் மதமதப்பு. வயிறும் கெடுகிறது, ஆளும் தளர்கிறார், கண்ணுக்குத் தெரியும் மாற்றம் சப்பாத்தி. பழி அதன்மேல் விழுகிறது. இந்த வயிற்றுத் தொல்லை தீர மாத்திரையின் வகையையோ அளவையோ மருத்துவர் மாற்றினாலே பெரும்பாலும் போதும், மாவை மாற்ற வேண்டியதில்லை. ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஓல்மிசார்டான் என்ற மருந்தும் அபூர்வமாகச் சிலருக்குக் குடலுறிஞ்சிகளைத் தேய்த்து, சீலியாக் போலவே நடிக்கும். 2012இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை இதை வெளிக்கொண்டுவந்தது. மருத்துவரிடம் போகும்போது விழுங்கும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோவது இதற்குத்தான்.

அடுத்து, கோதுமையே தொல்லை தருகிறது, ஆனால் குளூட்டனால் அல்ல என்ற வகை. கோதுமையில் ஃப்ரக்டான் என்ற மாவுப்பொருளும் இருக்கிறது. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து வாயு கிளப்பும். கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னவர்களுக்கு குளூட்டனையும் ஃப்ரக்டானையும் எதுவென்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கொடுத்து 2018இல் நார்வேயில் சோதித்தார்கள். அதிகம் ஊதவைத்தது ஃப்ரக்டான். வெங்காயத்திலும் பூண்டிலும் அதுவே. பரோட்டாவை விட்டதும் வயிறு இறங்குகிறது என்றால், பரோட்டாவோடு போன வெங்காய சால்னாவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, நம் மண்ணின் சொந்தச் சரக்கு: ட்ராபிக்கல் ஸ்ப்ரூ. சித்த வைத்தியர்கள் கிராணி என்று சொல்லும் நீண்டகாலக் கழிச்சலில் இதுவும் அடங்கியிருக்கும். 1960களில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் இது கொள்ளைநோய்போலப் பரவியபோது வேலூரில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தார்கள். இதிலும் குடலுறிஞ்சிகள் தேயும், இதிலும் ரத்தசோகை வரும், நுண்ணோக்கியில் பார்த்தால் சீலியாக்கிலிருந்து பிரித்தறிவது கடினம். மருத்துவமோ அடியோடு வேறு: சில மாதங்கள் டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக், ஃபோலிக் அமிலம், பி12. இவருக்கு வாழ்நாள் முழுக்கக் கோதுமையை விலக்கி வைத்தால் பத்தியம் மிஞ்சும், நோயும் மிஞ்சும். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியும் குடல் காசநோயும் இதே வரிசையில் நிற்கின்றன.

நான்காவது திருவனந்தபுரத்தோடு நெருங்கிய தொடர்புள்ளது. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் பி.ஜே. கீவர்கீஸ் என்ற மருத்துவர் ஒரு விசித்திரமான கூட்டத்தைக் கவனித்தார். சிறுவயதில் வயிற்றுவலி, எண்ணெய் மிதக்கும் மலம், எலும்பும் தோலுமான உடம்பு, வாலிபத்திலேயே நீரிழிவு. எக்ஸ்-ரே எடுத்தால் கணையம் முழுக்கக் கல். 1968இல் இதைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். பிறகு 1979இல் மக்மில்லன் என்பவரோடு சேர்ந்து, மரச்சீனியில் இருக்கும் சயனைடு காரணமாக இருக்கலாம் என்று கருத்துச் சொன்னார். ஏழைகள், மரச்சீனி தின்பவர்கள், கணைய நோய்: பொருத்தம் கச்சிதமாகத்தான் தெரிந்தது. ஆனால் மரச்சீனியே தின்னாத ஊர்களிலும் நோய் இருந்தது. ஸ்பிங்க்1 என்ற மரபணுவின் மாற்றங்கள் பலரிடம் காணப்பட்டன. மரச்சீனிக் கருத்து மெல்லப் பின்னுக்குப் போய்விட்டது. விசாகம் திருநாள் மகாராஜா 1880களில் திருவிதாங்கூரில் பரப்பி, இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது இந்த மக்களின் உயிரைப் பிடித்துவைத்த கிழங்கு அது. கண்ணுக்கு முன்னால் இருக்கும் உணவின்மேல் பழிபோடுவது எவ்வளவு எளிது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு சான்று வேண்டியதில்லை. கிழங்கை நறுக்கி வேகவைத்து அந்த நீரை வடித்துக் கொட்டும் பழைய வழக்கம் சயனைடைக் குறைப்பது என்னவோ உண்மை. அதை மட்டும் விடாமல் இருந்தால் போதும்.

ஆக, சந்தேகம் வந்தால் முதல் வேலை ரத்தப் பரிசோதனை. டி.டி.ஜி. – ஐ.ஜி.ஏ. ஒன்று. கூடவே ரத்தத்தில் ஐ.ஜி.ஏ. என்ற வகை எதிர்ப்பொருள் மொத்தம் எவ்வளவு என்று இன்னொன்று. சீலியாக் நோயாளிகளில் நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு ஐ.ஜி.ஏ.வே இயல்பிலேயே குறைவு, அவர்களுக்கு முதல் சோதனை பொய்யாக ‘இல்லை’ என்று சொல்லும். பெரியவர்களுக்கு டி.டி.ஜி. கூடுதலாக இருந்தால் எண்டோஸ்கோபி செய்து முன்சிறுகுடலிலிருந்து நாலைந்து துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். நோய் அபூர்வமாக உள்ள ஊரில் ஒரே ரத்தச்சீட்டை நம்பி ஆயுள் பத்தியத்தில் இறங்கக் கூடாது. தவறான ‘உண்டு’ம் வரும். டி.கியூ.2, டி.கியூ.8 இரண்டும் இல்லை என்று மரபணுச் சோதனை சொன்னால் சீலியாக்கை ஏறக்குறைய ஒதுக்கிவிடலாம். இருக்கிறது என்றால் அதனால் ஒன்றும் நிரூபணமாகாது, மூன்றில் ஒருவரிடம் அது இருக்கிறது.

சோதனைக்கு முன் எவ்வளவு கோதுமை? பிரிட்டனின் நைஸ் அமைப்பு, ஒன்றுக்கு மேற்பட்ட வேளைகளில் தினமும், குறைந்தது ஆறு வாரம் என்கிறது. நம் ஆட்களில் பலர் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பரோட்டா தின்பவர்கள். அவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். 30 கிராம் மாவில் சுட்ட ஒரு சப்பாத்தியில் ஏறக்குறைய 2 முதல் 3 கிராம் குளூட்டன் இருக்கும். ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்கள் மறுபடி தொடங்குவதை மருத்துவர் மேற்பார்வையில் செய்வது நல்லது, சிலருக்கு உடம்பு மோசமாகும். மலத்தில் ரத்தம், காய்ச்சல், எடை சரசரவென்று இறங்குவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் கழிச்சல் ஆகியவை இருந்தால் பத்தியமும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். பாறசாலை தாலுகா மருத்துவமனையோ, நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனையோ, எல்லைக்கு அந்தப் பக்கம் ஆசாரிபள்ளமோ, பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போய்விட வேண்டும்.

வைட்டமின் விஷயத்தில் ஆசை அதிகம், கணக்கு குறைவு. எந்த வைட்டமினும் சீலியாக் நோயை ஆற்றாது. குடல் ஆறும்வரை ஏற்பட்ட குறையை நிரப்புவதுதான் அதன் வேலை. எது குறைவு என்று அளந்து நிரப்ப வேண்டும். பெரிட்டின், ஃபோலேட், பி12, வைட்டமின் டி, கால்சியம், தைராய்டு ஆகியவற்றை நோய் தெரிந்ததும் பார்ப்பது வழக்கம். அளக்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் நிறைய எடுத்தால் ரத்தசோகை சரியானதுபோல் தெரியும். உள்ளே பி12 குறைவு நரம்பைத் தின்றுகொண்டிருக்கும். வைட்டமின் டி-யில் இன்னொரு ஆபத்து. 60,000 யூனிட் பொடிப் பொட்டலம் வாரத்துக்கு ஒன்று, அதுவும் சில வாரங்களுக்கு. அதைச் சத்து பானம்போலத் தினமும் கலக்கிக் குடித்து, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் சிறுநீரகக் கோளாறுமாகப் படுத்தவர்கள் உண்டு. இரும்பு மாத்திரையைக் கால்சியத்தோடு சேர்த்து விழுங்கினால் கால்சியம் இரும்பைத் தடுக்கும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் சாயாவும் இரும்பைப் பிடித்து நிறுத்தும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கலாம். மாத்திரையைக் கட்டியாக்கச் சேர்க்கும் ஸ்டார்ச் எந்தத் தானியத்தினுடையது என்று, நோய் உறுதியானவர்கள் கேட்டு வாங்குவது நல்லது.

நோய் உறுதியானால் மருந்து ஒன்றுதான்: கோதுமை, பார்லி, ரை மூன்றும் வாழ்நாள் முழுக்க இல்லை. ஒரு பஞ்சாபிக் குடும்பத்துக்கு இது அடுப்பையே இடித்துக் கட்டுவதுபோன்ற காரியம். இந்த எல்லையோரத்தில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. புட்டு, கடலை, இடியாப்பம், ஆப்பம், தோசை, சம்பா அரிசிச் சோறு, மரச்சீனி, சாளை, ஏத்தம்பழம், முருங்கை இலைத் துவரன், எதிலும் குளூட்டன் இல்லை. மீனும் முட்டையும் பி12 தரும். கடையில் குளூட்டன் இல்லாத பிஸ்கட் என்று விலை கூட்டி விற்பதைத் தேடிப் போக வேண்டிய கட்டாயமும் இல்லை. அப்படி வாங்கினால், அந்த அடையாளத்துக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் குளூட்டன்.

கஷ்டம் ஒளிந்திருக்கும் குளூட்டனில்தான். தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் போனாலே குடல் மறுபடி தேயும் என்று 2007இல் இத்தாலியில் காட்டியிருக்கிறார்கள். ஒரு சப்பாத்தியை ஐம்பது துணுக்காகப் பிய்த்தால் அதில் ஒரு துணுக்கு. அந்தத் துணுக்கு எங்கிருந்து வரும்? கூட்டுப் பெருங்காயத்திலிருந்து வரும், அதில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். பரோட்டாவும் தோசையும் ஒரே கல்லில் சுடும் கடையிலிருந்து வரும். பழம்பொரியின் மேல்மாவிலிருந்து வரும். எல்லாவற்றையும்விட, மாவு மில்லிலிருந்து வரும். முந்தின ஆள் கோதுமை அரைத்துக்கொண்டு போன இயந்திரத்தில் உங்கள் புட்டுப்பொடியின் முதல் இரண்டு கிலோ விழுகிறது. வீட்டில் நனைத்து இடித்துக்கொள்ளலாம், முடியாவிட்டால் அரிசிக்கென்றே தனி இயந்திரம் வைத்திருக்கும் மில்லாகப் பார்க்கலாம். உடம்பு தளர்ந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் வாங்கிக்கொண்டு போகும் ஹார்லிக்ஸில் கோதுமையும் முளைகட்டிய பார்லியும் உண்டு. தலைமாட்டிலேயே நோயை வைத்துவிட்டு வருகிற கதை. கல்யாணச் சத்யையில் திருவனந்தபுரத்துக்காரர்கள் விடாத போளி மைதா, அதனோடு வரும் சேமியா பாயசம் கோதுமை. பாலடைப் பிரதமனில் அரிசி அடை என்று உறுதியானால் சாப்பிடலாம்.

தேவாலயத்தையும் சொல்லியாக வேண்டும். நெய்யாற்றின்கரை லத்தீன் மறைமாவட்டமும் பாறசாலை சீரோ மலங்கரை மறைமாவட்டமும் உள்ள வட்டாரம் இது. திருவிருந்து அப்பம் கோதுமையில்தான் செய்ய வேண்டும், குளூட்டன் முழுக்க நீக்கியது செல்லாது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் விதி. குறைந்த குளூட்டன் உள்ள அப்பம் செல்லும் என்று வத்திக்கான் 2003இலும் 2017இலும் தெளிவாக எழுதியிருக்கிறது. அதுவும் வேண்டாமென்றால் திராட்சை ரசம் மட்டும் பெறலாம். பங்குத்தந்தையிடம் முன்கூட்டிச் சொன்னால் தீர்ந்துவிடும் காரியம், வெட்கப்பட்டு மறைத்தால்தான் ஞாயிறுதோறும் தொல்லை.

கோதுமை நின்றால் வயிறு சில வாரங்களிலேயே அமைதியாகும். எதிர்ப்பொருள் இறங்க ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆகலாம். பெரியவர்களுக்குக் குடல் முழுக்க ஆற இரண்டு வருஷம்கூடப் பிடிக்கும். அதுவரை டி.டி.ஜி.யை அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வயிறு நலமாக இருக்கிறது என்பது சான்றாகாது.

ஒருவருக்கு நோய் உறுதியானால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழிலிருந்து பத்துப் பேருக்கு அது இருக்கலாம், பலருக்கு ஒரு அறிகுறியும் இல்லாமலே. அவர்களையும் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். ரத்தம் எடுக்கும் நாள்வரை அவர்கள் சப்பாத்தியையும் பரோட்டாவையும் வழக்கம்போலச் சாப்பிட்டுக்கொண்டிருக்கட்டும்.